ஒரே நாளில் மூன்று அமியோடரோன் அளவுகள்: மூலமருந்து காட்டியதும் வளர்சிதைப்பொருள் காட்டியதும்

இதில் வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்ல. மருந்தளவு பார்க்கும் ஆய்வகங்களுக்குப் பழக்கமான இரண்டு சிக்கல்களை ஒரே ஆளிடம் பொருத்தி, பயிற்சிக்காக எழுதிய நிகழ்வு இது. நோயாளியின் எண்கள் அதற்கேற்ப அமைத்தவை. மருந்தின் குணத்தைப் பற்றி வருபவை நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்தும் எண்கள்.

நோயாளி

63 வயது ஆண். ஆறு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இடது வென்ட்ரிக்கிளின் வெளியேற்றம் 32 சதவீதத்தில் நின்றுவிட்டது. மார்பில் ஐ.சி.டி. கருவி, ஆபத்தான துடிப்பு வந்தால் தானாக ஷாக் கொடுத்து நிறுத்துவது. இடையிடையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) உண்டு, அதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா (கீழறைகளில் எழும் ஆபத்தான வேகத் துடிப்பு) திரும்பத் திரும்ப வந்ததால் மூன்று ஆண்டுகளாக, துடிப்பைச் சீராக்கும் மருந்தான அமியோடரோன், தினம் 200 மி.கி. என்பது குறிப்பேட்டில் உள்ள தகவல்.

காலை 9.40 மணிக்கு அவசரப் பிரிவுக்கு வந்தார். முந்தின இரவிலிருந்து கருவி நான்கு முறை ஷாக் கொடுத்திருந்தது. வந்த பத்து நிமிடத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளுக்கு மாதிரி எடுத்தார்கள். 10.15-க்கு அமியோடரோன் 150 மி.கி. பத்து நிமிடத்தில் சிரை வழியாக. அப்புறம் நிமிடத்துக்கு 1 மி.கி. வீதம் டிரிப், ஆறு மணி நேரத்துக்கு. அதன்பின் நிமிடத்துக்கு அரை மி.கி. வழக்கமான ஏற்பாடுதான், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் உள்ளே போகும்.

பகல் 1.30-க்கு அமியோடரோன் அளவுக்கென்று தனி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கேள்வி எளிமையானது: மாத்திரை சாப்பிட்டும் டேக்கிகார்டியா வந்திருக்கிறதே, மருந்து போதவில்லையா, அல்லது மருந்தே தோற்றுவிட்டதா?

மாலையில் முடிவு வந்தது. அமியோடரோன் லிட்டருக்கு 11.6 மி.கி. பெரும்பாலான ஆய்வகங்கள் 0.5 முதல் 2.5 வரை என்றோ, 1.0 முதல் 2.5 வரை என்றோ இலக்கு எல்லை வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் நோயாளியின் ரத்த அழுத்தம் 92/60, நாடித்துடிப்பு 58. நச்சளவு என்று வார்டு நினைத்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. டிரிப்பை நிறுத்தலாமா என்று தொலைபேசி வந்தது.

இரண்டாவது எண்

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருந்தது. டெஸ்எத்தில்அமியோடரோன், சுருக்கமாக டி.இ.ஏ.: லிட்டருக்கு 0.35 மி.கி. வார்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. பொதுவாகவே படிப்பதில்லை. மருந்தின் பெயரைத் தேடும் கண் அடுத்த வரிக்குப் போவதில்லை.

அமியோடரோனின் பக்கச்சங்கிலி முனையில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதில் இரண்டு எத்தில் தொகுதிகளும் இருக்கின்றன. கல்லீரலில் பெரும்பாலும் சி.ஒய்.பி. 3ஏ4 நொதியும், ஓரளவு 2சி8-ம் அதில் ஒன்றைக் கழற்றிவிடுகின்றன. மிஞ்சும் வளர்சிதைப்பொருள்தான் டி.இ.ஏ.; மாறாத அமியோடரோன் மூலமருந்து. இது வெறும் கழிவு அல்ல. மூலமருந்தைப் போலவே இதயத் தசையின் மின்னோட்டங்களைத் தடுக்கிறது, திசுக்களில் தேங்குகிறது. நீண்ட காலம் மருந்து எடுப்பவரின் பிளாஸ்மாவில் டி.இ.ஏ. அளவு மூலமருந்தின் அளவை நெருங்கிவரும். இரண்டின் விகிதம் பொதுவாக 0.6-க்கும் 1-க்கும் நடுவில் நிற்கும். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் விகிதம் மிகக் குறைவு, வாரங்கள் போகப்போக ஏறும்.

இந்த நோயாளியின் விகிதம் 0.03. மூன்று ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது பொருந்தாது. உண்மையான நச்சளவு என்றால் பல வாரங்களாக மருந்து தேங்கியிருக்க வேண்டும். அப்படித் தேங்கியிருந்தால் டி.இ.ஏ.-யும் 2-ஐயோ 3-ஐயோ தாண்டியிருக்கும். ஆக, 11.6 என்ற எண்ணில் பெரும்பகுதி கல்லீரலைப் பார்க்காத மருந்து. அது இன்றைக்கு, டிரிப் பாட்டிலிலிருந்து வந்தது.

சரி, டிரிப்பிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரத்தத்தில் உண்மையிலேயே 11.6 இருந்ததா, மாதிரியில் மட்டும் இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் போகும் முன் ஆய்வகம் தன் எண்ணைத் தானே சந்தேகித்தாக வேண்டும்.

அளந்த விதம்

இந்த மருந்தை அளப்பதில் உள்ள தொல்லை முழுவதும் அதன் கொழுப்பு நாட்டத்திலிருந்து வருகிறது. மூலக்கூறில் எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தண்ணீரைக் கண்டால் ஓடும், பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டும். பி.வி.சி. பைகள் இந்த மருந்தை உறிஞ்சுவதால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் டிரிப்பைக் கண்ணாடி அல்லது பாலியோலெஃபின் கொள்கலனில் வைக்கச் சொல்கிறார்கள். ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும், அளவு தெரிந்த திட்டக் கரைசலை நீரில் கலக்கிவைத்தால் குழாய்ச் சுவரில் பாதி போய்விடும். மெத்தனாலில் வைத்திருந்து, கடைசிப் படியில் மருந்தில்லாத பிளாஸ்மாவில் சேர்க்க வேண்டும். பிளாஸ்மாவில் போனபின் பயம் குறைவு, ஏனென்றால் 96 சதவீதம் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது.

மாதிரிக் குழாயிலும் அதே கவனம் வேண்டும். பிளாஸ்மாவையும் அணுக்களையும் பிரிக்கும் ஜெல் அடைத்த குழாய்கள் கொழுப்பு நாட்டமுள்ள மருந்துகளை உறிஞ்சக்கூடும். ஜெல் இல்லாத குழாய், சீக்கிரம் சென்ட்ரிஃபியூஜ், பிளாஸ்மாவை உடனே வேறு குழாய்க்கு மாற்றுதல், வெளிச்சம் படாமல் வைத்தல்: இவ்வளவுதான் வார்டுக்குப் போகும் அறிவுரை.

அளவீடு திரவ நிறப்பிரிகையும் (பொருள்களை ஒரு பத்தி வழியாக ஓட்டிப் பிரிப்பது) இரட்டை நிறைநிரலியும் (மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காண்பது) சேர்ந்த கருவியில். பழைய முறையில் 240 நானோமீட்டர் அருகே புறஊதாக் கதிர் உறிஞ்சலை வைத்தே இரண்டையும் அளப்பார்கள். லிட்டருக்கு மில்லிகிராம் அளவில் இருக்கும் மருந்து என்பதால் அதுவே போதுமானது, இன்றும் நல்ல முறைதான். நிறைநிரலியின் லாபம் வேகமும் குறைந்த மாதிரியும். நூறு மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, ஒப்பீட்டுக்காக டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அமியோடரோனும் டி.இ.ஏ.-யும் கலந்த அசிட்டோநைட்ரைல், குலுக்கல், சுழற்றல், மேல்திரவத்தைக் கருவிக்குள் செலுத்தல். மூலமருந்து 646 என்ற நிறையிலும் டி.இ.ஏ. 618-லும் தெரியும். நடுவில் உள்ள 28, போன எத்திலின் கணக்கு.

அந்த 28-ல் ஒரு பொறி இருக்கிறது. கருவியின் அயனியாக்கும் இடத்திலேயே மூலமருந்து கொஞ்சம் உடைந்து 618 நிறையைத் தரக்கூடும். நிறப்பிரிகையில் இரண்டும் ஒன்றாக வெளிவந்தால் அது டி.இ.ஏ. என்று எண்ணப்படும். அதனால் பத்தியில் இரண்டும் தனித்தனி நேரத்தில் வரும்படி பிரித்தாக வேண்டும், டி.இ.ஏ. சற்று முன்னால் வரும். இந்த மாதிரியில் டி.இ.ஏ. உச்சி தன் நேரத்திலேயே இருந்தது. தவிர, இந்தப் பிழை வந்தாலும் டி.இ.ஏ.-யைக் கூட்டித்தான் காட்டும். நம் கவலை அது குறைவாக இருப்பதைப் பற்றி.

குறைத்துக் காட்டக்கூடிய பிழை அயனி அடக்கம். ரத்தத்தின் பாஸ்போலிப்பிடுகளும், சிரைவழி அமியோடரோனில் கரைப்பானாக இருக்கும் பாலிசார்பேட் 80-ம் அருகில் வரும் பொருளின் சமிக்ஞையை அமுக்கிவிடக்கூடும். டியூட்டீரிய இணை அதே அமுக்கத்துக்கு உள்ளாவதால் கணக்கு சரியாகும் என்பது கொள்கை. கொள்கையை நம்பி விட்டுவிடாமல் பார்க்க எளிய வழி உண்டு. 11.6 என்பது அளவீட்டுக் கோட்டின் மேல் எல்லையான 5-ஐத் தாண்டியதால் மாதிரியை எப்படியும் வெற்றுப் பிளாஸ்மாவில் ஐந்து மடங்கு நீர்க்கச்செய்து மறுபடி ஓட்ட வேண்டும். நீர்த்த மாதிரியில் மூலமருந்து 2.28, டி.இ.ஏ. 0.07. ஐந்தால் பெருக்கினால் 11.4-ம் 0.35-ம். அடக்கம் இருந்திருந்தால் நீர்த்தபின் எண் ஏறியிருக்கும். ஏறவில்லை.

அப்புறம், முந்தின மாதிரியின் எச்சம். ஒட்டும் மருந்து ஊசியிலும் வால்விலும் பத்தியிலும் தங்கி அடுத்த மாதிரியில் தலைகாட்டும். உயர் அளவீட்டுக் கரைசலுக்குப் பின் செலுத்தும் வெற்று மாதிரியில், அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவின் 20 சதவீதத்துக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது என்பது 2022-இல் வெளியான ஐ.சி.எச். எம்10 என்ற, மருந்தளவு அளக்கும் முறைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டியின் விதி. இந்த மாதிரிக்கு முன்னால் ஓடியது 0.8 அளவுள்ள வேறொருவரின் பிளாஸ்மா. அதிலிருந்து 11 வர வழியே இல்லை. இதற்குப் பின் ஓடிய மாதிரியைத்தான் சந்தேகித்து மறுபடி ஓட்டினார்கள். அது வேறு கதை, சரியாகவே இருந்தது.

ஆய்வகத்தின் பக்கம் எண்கள் நின்றன.

கை எது, நேரம் எது

வேண்டுகோள் படிவத்தில் மாதிரி எடுத்த நேரம் இருந்தது. எந்த இடத்திலிருந்து என்பது இல்லை. தொலைபேசியில் கேட்டபோது தெரிந்தது: டிரிப் இடது முன்கையில் ஓடிக்கொண்டிருந்தது, ரத்தம் அதே கையின் முழங்கை மடிப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். வலது கையில் ரத்த அழுத்தப் பட்டை இருந்ததால் இந்தப் பக்கம்.

இரண்டு விளக்கங்கள் மீதமிருந்தன. ஒன்று, நேரம். சிரை வழியாக 150 மி.கி. பத்து நிமிடத்தில் கொடுத்தால் அந்தக் கணத்தில் பிளாஸ்மா அளவு லிட்டருக்கு 7 முதல் 26 மி.கி. வரை உண்மையிலேயே ஏறும். ஆனால் மருந்து திசுக்களுக்குள் ஓடும் வேகத்தில், செலுத்தி முடித்த 30 முதல் 45 நிமிடத்தில் அது உச்சத்தின் பத்தில் ஒரு பங்காகிவிடும். 10.30-க்கு எடுத்த மாதிரி என்றால் 11.6 இயல்பு. இது மூன்று மணி நேரம் கழித்து எடுத்தது. அந்த வேளையில் எதிர்பார்ப்பது 1-ஐ ஒட்டிய அளவு.

இரண்டாவது, கலப்பு. வழக்கமான டிரிப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.8 மி.கி. மருந்து இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 1800 மி.கி. ஐந்து மில்லி ரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 2.75 மில்லி. அதில் லிட்டருக்கு 10 மி.கி. மிகையாகத் தெரிய 27.5 மைக்ரோகிராம் மருந்து போதும். டிரிப் கரைசலில் அது 15 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. டிரிப் கலந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பது குளுக்கோஸ் தாறுமாறாக ஏறியிருக்கிறதா, சோடியம் இறங்கியிருக்கிறதா என்பதை. அமியோடரோன் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் போகிறது. ஆனால் 15 மைக்ரோலிட்டர் டெக்ஸ்ட்ரோஸ் சேர்ந்தால் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 20 மி.கி. மட்டுமே கூடும்; சோடியம் ஒரு அலகுகூட அசையாது. அதே நேரத்து மாதிரியில் குளுக்கோஸ் காலையைவிட 25 கூடுதலாக இருந்தது. நான்கு ஷாக் வாங்கியவரின் சர்க்கரை அவ்வளவு ஏறுவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்க்கத் தேவையும் இல்லை. அதே அற்பக் கலப்பு மருந்தின் எண்ணை எட்டுப் பத்து மடங்காக்கிவிட்டது. கலப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டிய வழக்கமான அடையாளங்கள் எல்லாம் இங்கே மௌனம். பாட்டிலில் இல்லாத, உடம்பில் மட்டுமே உருவாகும் டி.இ.ஏ. ஒன்றுதான் பேசியது.

மாலை 6.30-க்கு வலது கையிலிருந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமியோடரோன் 1.2. டி.இ.ஏ. 0.37. டிரிப் நிற்கவில்லை. குறைந்த ரத்த அழுத்தத்துக்குக் காரணம் வேறு: சிரைவழி அமியோடரோனில் அடிக்கடி வரும் பக்கவிளைவே அதுதான், செலுத்தும் வேகத்தோடு சம்பந்தப்பட்டது, கரைப்பானுக்கும் அதில் பங்கு உண்டு. வேகம் குறைந்தபின் 108-க்கு வந்தது.

காலை மாதிரி

இத்தோடு முடித்திருந்தால் பாதிக் கேள்விதான் தீர்ந்திருக்கும். மாத்திரை சாப்பிட்டும் ஏன் டேக்கிகார்டியா என்பது அப்படியே இருந்தது. இதயக் குழுவின் குறிப்பில் அமியோடரோன் தோல்வி என்று எழுதி, மெக்ஸிலெட்டின் என்ற இன்னொரு துடிப்பு மருந்தைச் சேர்ப்பது அல்லது அப்லேஷனுக்கு (துடிப்புக் கோளாறு எழும் இதயத் திசுவைச் சுட்டு அழிப்பது) அனுப்புவது பற்றிப் பேச்சு தொடங்கியிருந்தது.

ஆய்வகம் கவனித்தது வேறு. டி.இ.ஏ. 0.35, 0.37. மாதிரிக் கலப்பு டி.இ.ஏ.-யைத் தொடாது, சில மணி நேர டிரிப்பிலிருந்து உருவாகும் டி.இ.ஏ. சொற்பம். ஆக இந்த எண் இன்றைய மருந்தைப் பற்றியது அல்ல, கடந்த மாதங்களைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நோயாளிக்கு அளந்த பழைய முடிவு கோப்பில் இருந்தது: அமியோடரோன் 1.3, டி.இ.ஏ. 1.1. அப்போது 1.1 இருந்தது இப்போது மூன்றில் ஒரு பங்கு.

டிரிப் தொடங்குவதற்கு முன், காலை 9.50-க்கு எடுத்த ரத்தம் உயிர்வேதியியல் பிரிவின் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. ஜெல் குழாய்தான். ஓட்டிப் பார்த்ததில் அமியோடரோன் 0.18, டி.இ.ஏ. 0.36. விகிதம் 2.

ஜெல் கொஞ்சம் விழுங்கியிருக்கலாம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். மூலமருந்துக்குக் கொழுப்பு நாட்டம் கூடுதல் என்பதால் விகிதத்தையும் சற்று ஏற்றியிருக்கலாம். ஆனால் ஜெல் படாத மற்ற இரண்டு மாதிரிகளிலும் டி.இ.ஏ. இதே அளவில் இருக்கிறது. அதனால் டி.இ.ஏ. எண் கெட்டியானது. ரிப்போர்ட்டில் இந்த மாதிரிக்கு மட்டும் 'ஜெல் குழாய், மூலமருந்து அளவு குறைவாகத் தெரியக்கூடும்' என்று எழுதி அனுப்பினார்கள். என் பார்வையில் இந்த மாதிரி சரியில்லை என்று நிராகரித்திருந்தால் நோயாளிக்கு நஷ்டம். குறையைச் சொல்லிவிட்டு எண்ணைத் தருவதே சரி.

நீண்ட நாள் எடுத்த அமியோடரோனை நிறுத்தினால் பிளாஸ்மா அளவு இரண்டு கட்டமாக இறங்கும். முதல் கட்டம் வேகமானது: 2.5 முதல் 10 நாளில் பாதி. வெளியிலிருந்து வரவு நின்றதால் பிளாஸ்மாவும் எளிதில் பரிமாறும் திசுக்களும் வற்றுகின்றன. இரண்டாம் கட்டத்தில் கொழுப்பிலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் தேங்கியது மெல்லத் திரும்பி வருகிறது; அப்போது அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகும் காலம், சராசரி 53 நாள், ஆளுக்கு ஆள் 26 முதல் 107 வரை. டி.இ.ஏ.-க்கு அந்த வேகமான முதல் இறக்கம் அவ்வளவாக இல்லை, சராசரி அரைவாழ்வு 61 நாள். அதனால் நிறுத்திய சில வாரங்களில் விகிதம் 1-ஐத் தாண்டும். விகிதம் 1-க்கு மேல், இரண்டு அளவுகளும் தாழ்வு என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மாத்திரை எப்போது நின்றது என்பதே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.இ.ஏ. 1.1-லிருந்து 0.36-க்கு வர 1.6 அரைவாழ்வு, சுமார் நூறு நாள். மூலமருந்து 1.3 முதல் வாரத்தில் 0.65 ஆகி, மிச்ச 93 நாளில் 53 நாள் அரைவாழ்வில் 0.19 ஆகும். அளந்தது 0.18. இவ்வளவு அழகாகப் பொருந்துவதில் மயங்கிவிடக்கூடாது. அரைவாழ்வின் வீச்சைப் பார்த்தால் நிறுத்தியது இரண்டு மாதம் முன்பாகவும் இருக்கலாம், ஆறு மாதமாகவும் இருக்கலாம். நாள் குறிக்க இது உதவாது. வாரங்களா மாதங்களா என்று சொல்லும், அவ்வளவே. முடிவை அனுப்பும்போது 'மாத்திரை பல வாரங்களாகவாவது எடுக்கப்படவில்லை என்பதோடு ஒத்துப்போகிறது' என்றுதான் ஆய்வகம் எழுதியது. 'நோயாளி மருந்தை நிறுத்திவிட்டார்' என்று எழுதவில்லை. உறிஞ்சல் கெட்டுப்போயிருக்கலாம், மருந்துச்சீட்டைப் புதுப்பிக்கும்போது ஒரு வரி விடுபட்டிருக்கலாம். பிளாஸ்மா அதைச் சொல்லாது.

கேட்டபோது தெரிந்தது

மறுநாள் காலை டியூட்டி டாக்டர் குற்றம்சாட்டும் தொனி இல்லாமல், "ஐயா, இந்த மாத்திரை கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நோயாளி தயங்காமல் சொன்னார். நான்கு மாதம் முன்பு ஒரு பரிசோதனையில், தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். 9.8 என்று வந்திருக்கிறது. இந்த மாத்திரைதான் தைராய்டைக் கெடுக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது பொய்யும் அல்ல. தினம் 200 மி.கி. என்பதில் 75 மி.கி. அயோடின் இருக்கிறது, அதில் ஒரு சிறு பங்கு பிரிந்து ரத்தத்தில் கலந்தாலே தைராய்டின் அன்றாடத் தேவையைப் பலமடங்கு தாண்டும். நிறுத்திப் பார்த்தார். ஒரு வாரம், ஒரு மாதம், ஒன்றும் ஆகவில்லை. தேவையே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த நிகழ்வில் நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது இந்த இடம்தான். பீட்டா தடுப்பானை நிறுத்தினால் இரண்டு நாளில் உடம்பு சொல்லிவிடும். அமியோடரோனை நிறுத்தினால் உடம்பு மாதக்கணக்கில் எதுவும் சொல்லாது, திசுக்களில் உள்ள சேமிப்பு காத்துக்கொண்டிருக்கும். நோயாளிக்குத் தன் சோதனை வெற்றிபெற்றதாகத் தோன்றுவது இயற்கை. மருந்து கொடுக்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

பின்னோக்கிப் பார்த்தால் தடயங்கள் பரவிக்கிடந்தன. அன்று காலை டி.எஸ்.எச். 4.1, தானாக இறங்கியிருந்தது. டேக்கிகார்டியா அடங்கியபின் முதலில் பதிவான சைனஸ் துடிப்பு 88. பழைய வருகைகளில் எல்லாம் 55-ஐ ஒட்டி. ஈ.சி.ஜி.-யில் அமியோடரோன் நீட்டிவைக்கும் திருத்திய கியூ.டி. இடைவெளி 475-லிருந்து 430 மில்லிசெகண்டுக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும்விட, வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர்.: ஓராண்டாக 2.5 அருகே நின்றது, மூன்று மாதமாகச் சரிந்து 1.5. அமியோடரோன், வார்ஃபரினைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2சி9 நொதியைத் தடுத்து வார்ஃபரினின் வேலையைக் கூட்டுகிறது. மருந்து வெளியேற வெளியேற அந்தக் கூடுதல் கரைகிறது. சாப்பாட்டில் கீரை கூடிவிட்டது என்று வைத்து, வார்ஃபரினை ஏற்றியிருந்தார்கள். காரணமில்லாமல் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும் ஐ.என்.ஆர்., பட்டியலில் அமியோடரோன் உள்ளவரிடம், பிளாஸ்மா அளவு கேட்பதற்குப் போதுமான காரணம்.

என்ன மாறியது

அமியோடரோன் தோல்வி என்ற வரி குறிப்பேட்டிலிருந்து நீங்கியது. அப்லேஷன் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. நோயாளியோடு பேசி, தைராய்டைத் தனியாகக் கவனிக்கலாம், தேவைப்பட்டால் தைராக்ஸின் போதும் என்று விளக்கி, திசுக்களின் சேமிப்பைச் சீக்கிரம் நிரப்பும் நிறைப்பு அளவில் மீண்டும் தொடங்கினார்கள்: டிரிப் முடிந்தபின் வாய்வழி தினம் 800 மி.கி., பிரித்து, உணவோடு. உணவோடு என்பது சும்மா சொல்வது அல்ல. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் உறிஞ்சப்படும் மொத்த அளவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். பழைய அளவான 200-இலேயே மறுபடி தொடங்கியிருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 60 லிட்டர் என்ற பரவல் கொள்ளளவை (மருந்து திசுக்களில் எவ்வளவு பரவுகிறது என்பதன் கணக்கு) அது நிரப்ப மாதங்கள் ஆகும். வார்ஃபரினை உடனே மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வாரம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்தார்கள், ஏற்றிவிட்ட அளவிலேயே விட்டிருந்தால் சில வாரங்களில் ரத்தக்கசிவு வந்திருக்கலாம்.

இரண்டு வாரத்தில் அமியோடரோன் 1.7, டி.இ.ஏ. 0.55. விகிதம் 0.3, நிறைக்கும் கட்டத்துக்கு உரியது. மூன்று மாதத்தில், தினம் 200-இல், 1.4-ம் 1.0-ம். மாத்திரைக்கு முந்தைய காலைவேளையில் எடுத்த மாதிரிகள் இவை.

சில குறிப்புகள்

அமியோடரோன் அளவை எல்லோருக்கும் மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நுரையீரல், தைராய்டு பாதிப்புகளைப் பிளாஸ்மா எண் நம்பகமாக முன்னறிவிக்காது. அவற்றுக்கு அந்தந்தப் பரிசோதனைதான். 2.5-க்கு மேல் நீடித்தால் நரம்பு, வயிறு, கல்லீரல் தொல்லைகள் கூடும் என்ற அளவுக்குப் பயன். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன், உறிஞ்சலில் சந்தேகம் வரும்போது, புதிய மருந்து சேர்ந்து குறுக்கிடும்போது, இந்த மூன்று சமயத்தில் பார்த்தால் போதும்.

குறுக்கீட்டிலும் டி.இ.ஏ. உதவும். கிரேப்ஃப்ரூட் சாறு குடித்த நலமுள்ளவர்களிடம் அமியோடரோனின் மொத்த வெளிப்பாடு 50 சதவீதம் கூடியது, டி.இ.ஏ. அளக்க முடியாத அளவுக்குப் போனது. 3ஏ4 தடைபட்டால் மூலமருந்து ஏறி டி.இ.ஏ. இறங்கும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. நம் நோயாளியின் 0.03-க்கு இதையும் ஒரு விளக்கமாக யோசித்தார்கள். ஆனால் எந்தத் தடுப்பானும் சில மணி நேரத்தில் 11.6-ஐ உருவாக்காது.

இந்த விகித வாசிப்பை அப்படியே வேறு மருந்துக்குக் கொண்டுபோகக்கூடாது. புரோகெய்னமைடு என்ற இன்னொரு துடிப்பு மருந்திலும் மூலமருந்தையும் அதன் வளர்சிதைப்பொருளான என்-அசிட்டைல்புரோகெய்னமைடையும் சேர்த்தே அளக்கிறார்கள். அங்கே விகிதம் முதலில் சொல்வது நோயாளி வேகமாக அசிட்டைல் ஏற்றுபவரா மெதுவானவரா என்பதை. அடுத்து சிறுநீரகத்தின் நிலையை, ஏனென்றால் அந்த வளர்சிதைப்பொருள் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே போகிறது. சிறுநீரகம் செயலிழந்தவரிடம் மூலமருந்து இலக்குக்குள் இருக்கும்போதே மற்றது நச்சளவுக்கு ஏறும். அதன் மின்செயலும் வேறு. சோடியம் வாயிலை விட்டுவிட்டு பொட்டாசியம் வாயிலைத் தடுக்கிறது, கியூ.டி.-யை நீட்டுகிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கி எல்லை போடும் பழைய வழக்கம் அதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. அமியோடரோனில் சிறுநீரகத்துக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை, டயாலிசிஸும் எதையும் எடுக்காது.

இந்த நிகழ்வுக்குப் பின் ஆய்வகத்தின் படிவத்தில் மூன்று கட்டங்கள் சேர்ந்தன: மாதிரி எடுத்த இடமும் டிரிப் ஓடும் இடமும், கடைசி மாத்திரை அல்லது ஊசி மருந்தின் நேரம், குழாயின் வகை. ரிப்போர்ட்டில் டி.இ.ஏ. வரிக்குக் கீழே விகிதமும் அச்சாகிறது, 0.3-க்குக் கீழோ 1.2-க்கு மேலோ போனால் ஆய்வகம் வார்டைக் கூப்பிட்ட பிறகே எண் வெளியே போகும். முதல் இரண்டு கட்டங்களை வார்டில் பெரும்பாலும் நிரப்புகிறார்கள். குழாயின் வகை இன்னும் காலியாகத்தான் வருகிறது. அதை மாதிரியைப் பார்த்தே ஆய்வகம் எழுதிக்கொள்கிறது.